ஒட்டுநாடாவில் ஒரு நகரம்: மோண்ட்ரியானின் நியூயார்க் முன்வரைவுகள்

2022 அக்டோபரில் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரிலிருந்து கிளம்பிய ஒரு செய்தி பல நாட்டு நாளிதழ்களில் இடம்பிடித்தது. டச்சு ஓவியர் பீட் மோண்ட்ரியான் 1941இல் செய்த ‘நியூயார்க் நகரம் 1’ என்ற படைப்பு, 1945இல் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டதிலிருந்தே தலைகீழாகத் தொங்குகிறது என்று, அதை வைத்திருக்கும் கலைக்கூடத்தின் காப்பாளரே அறிவித்தார். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு நிற ஒட்டுநாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய கித்தான் அது. செய்தியைப் படித்த பலர் கேலி செய்தார்கள். முக்கால் நூற்றாண்டாக மேல் எது, கீழ் எது என்று நிபுணர்களுக்கே தெரியாமல் போன படத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். அது முடிந்த ஓவியம் அல்ல, கையொப்பம்கூட இடப்படாதது. வண்ணம் தீட்டுவதற்கு முன், எந்தக் கோட்டை எங்கே வைப்பது என்று ஓவியர் சோதித்துக்கொண்டிருந்த கட்டத்தில் நின்றுபோன முன்வரைவு. நவீன நகர வாழ்க்கையை மோண்ட்ரியான் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு, அவர் முடித்துக் கொடுத்த படங்களைவிட இந்த முன்வரைவுகளே வலுவான சாட்சி என்பது இக்கட்டுரையின் வாதம். தெருவும் கட்டடமும் அவருடைய கித்தானிலிருந்து வெளியேறிய பிறகும் நகரம் வெளியேறவில்லை. அது அவர் வேலை செய்யும் முறைக்குள் குடிபுகுந்தது.

இடிந்த சுவரும் விளம்பர எழுத்தும்

மோண்ட்ரியான் 1872இல் நெதர்லாந்தின் ஆமெர்ஸ்ஃபோர்ட் நகரில் பிறந்தார். ஆம்ஸ்டர்டாம் கலைக்கழகத்தில் முறையாகப் பயின்றார். நாற்பது வயதை நெருங்கும்வரை அவர் வரைந்தவை பெரும்பாலும் ஆற்றங்கரை, காற்றாலை, மரம், மணல்மேடு, தேவாலயக் கோபுரம் போன்றவைதாம். 1909இல் பிரம்மஞான சபையில் உறுப்பினரானார். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த இயக்கம் அன்றைய ஐரோப்பியக் கலைஞர்கள் பலரை ஈர்த்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் உருவங்களுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு உண்டு, எதிரெதிர் ஆற்றல்கள் சமன்படும் இடத்தில் அது புலப்படும் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே வலுப்பட்டது. பின்னாளில் கிடைக்கோட்டையும் செங்குத்துக்கோட்டையும் மட்டுமே வைத்துக்கொண்டு அவர் முப்பதாண்டுகள் உழைத்ததற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

1911–12 குளிர்காலத்தில் அவர் பாரிஸுக்கு வந்தார். பிக்காசோவும் பிராக்கும் கியூபிசத்தின் உச்சத்தில் இருந்த காலம் அது. மோண்ட்ரியானின் பணியறை மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய ரூ டு தெபார் தெருவில் அமைந்தது. நகரத்தில் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டடத்தை இடித்ததும் அதை ஒட்டி நின்ற அடுத்த கட்டடத்தின் பக்கச்சுவர் வெளியே தெரியும். அதுவரை அறைகளாக இருந்தவற்றின் சுவர்த்தாள் நிறங்கள் அந்தச் சுவரில் கட்டம் கட்டமாக எஞ்சியிருக்கும். மோண்ட்ரியான் இந்தச் சுவர்களைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார்.

இந்த வகைக் குறிப்புகளிலிருந்து உருவானது 1914ஆம் ஆண்டின் நீள்வட்டப் படம். இன்று அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், மங்கிய மஞ்சள் எனச் சிறுசிறு தளங்கள் கறுப்புக் கோடுகளுக்கு நடுவே அடுக்கப்பட்ட அந்தப் படத்தில் சுவர் என்று சுட்டிக்காட்ட எதுவுமில்லை. ஆனால் ஓரிடத்தில் ‘கூப்’ (KUB) என்ற மூன்றெழுத்துப் பெயர் தென்படுகிறது. அது அன்று பாரிஸ் சுவர்களில் எழுதியிருந்த சூப்புக்கட்டி விளம்பரத்தின் பெயர். உருவங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தவர் இந்த எழுத்துகளைத் தங்கவிட்டார். முன்வரைவின் சுவடு முடிந்த படத்தில் அப்படியே நிற்கும் அரிய இடம் இது. அவருடைய நிறத்தளங்கள் வெறும் கற்பனை வடிவங்கள் அல்ல, குடித்தனங்கள் கலைந்துபோன வீடுகளிலிருந்து வந்தவை என்பதற்கு அது ஆதாரம்.

எழுத்தில் ஒரு வரைவு, சுவரில் ஒரு வரைவு

1914இல் தந்தையின் உடல்நிலை காரணமாக ஊருக்குப் போனவருக்கு, முதல் உலகப்போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. 1917இல் தியோ வான் டூஸ்பர்க் தொடங்கிய ‘டி ஸ்டைல்’ இதழ்க் குழுவில் சேர்ந்தார். 1919இல் மீண்டும் பாரிஸ். அடுத்த ஆண்டே அவர் தூரிகையை விட்டுப் பேனாவால் ஒரு நகர வரைவைச் செய்தார். பாரிஸின் பெருஞ்சாலைகளைப் பற்றி 1920இல் டச்சு வார இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை அது. மோட்டார்கள், ஆட்கள், கடைகள், ஓசைகள் என எல்லாமே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வருகின்றன. எந்தப் பொருளும் தனித்து நின்று நம் கவனத்தைப் பிடித்துவைப்பதில்லை. ஒன்று இன்னொன்றின் ஆதிக்கத்தை உடைப்பதால் முழுமை ஒன்று உருவாகிறது என்பதே அவருடைய கணிப்பு. சாலையில் அவர் கண்டது காட்சியைவிட உறவுகளை. பின்னாளில் நியூயார்க்கில் அவர் செய்த வேலைகளுக்கான திட்டம் இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

1920களில் அவர் எல்லாரும் அறிந்த பாணியை எட்டினார்: வெள்ளைத் தளம், கறுப்புக் கோடுகள், ஆங்காங்கே சிவப்பு, மஞ்சள், நீலம். இந்தப் படங்களுக்குத் தாளில் செய்த முன்வரைவுகள் குறைவாகவே கிடைத்திருக்கின்றன. பெரும்பாலான யோசனை கித்தானின் மேலேயே, கரிக்கோடுகளாலும் தாள் கீற்றுகளாலும் நடந்தது. பணியறைச் சுவர்களும் அந்த யோசனையில் பங்குகொண்டன. வண்ணம் பூசிய அட்டைகளைச் சுவரில் பொருத்தி, இடம் மாற்றி, மறுபடி மாற்றிக்கொண்டேயிருந்தார். 1930இல் அங்கே போன அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், இந்தச் செவ்வகங்கள் அசைந்தால் நன்றாக இருக்குமே என்றார். தம் ஓவியம் ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது என்று மோண்ட்ரியான் மறுத்துவிட்டார். கால்டர் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அசையும் சிற்பங்களைச் செய்தார். மோண்ட்ரியானுக்கு அசைவு தேவைப்பட்ட இடம் வேறு. முடிந்த படம் அசைய வேண்டியதில்லை. முடிவெடுக்கும்வரை அதன் உறுப்புகள் அசையக்கூடியனவாக இருக்க வேண்டும்.

கடல் கடந்த படங்கள்

1937இல் நாஜி அரசு நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் மோண்ட்ரியானின் படங்களும் இழிவுபடுத்தப்பட்டன. போர் நெருங்குவதை உணர்ந்து 1938இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1940இல் லண்டன்மீது குண்டுகள் விழத் தொடங்கின. அவர் தங்கியிருந்த ஹாம்ஸ்டெட் பகுதியும் தப்பவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், இளம் அமெரிக்க ஓவியர் ஹாரி ஹோல்ட்ஸ்மனின் உதவியோடு நியூயார்க் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 68.

ஐரோப்பாவில் தொடங்கிய பல படங்களும் அவருடன் வந்தன. முடிந்துவிட்டதாக நினைக்கத்தக்க அந்தப் படங்களை அவர் திரும்பத் திறந்தார். கறுப்புக் கோடுகளின் எல்லைக்குள் அடங்காத சின்னஞ்சிறு நிறக்கட்டைகளைச் சேர்த்தார். சிலவற்றுக்கு இரட்டை ஆண்டு குறித்தார். ‘பிளாஸ் டி லா கான்கார்ட்’ 1938–43, ‘டிரஃபால்கர் சதுக்கம்’ 1939–43 என்று அவற்றின் பெயர்களிலேயே நகரச் சதுக்கங்கள் வந்தன. முதல் பெயர் பாரிஸ், அடுத்தது லண்டன். இரண்டும் நிறைவெய்தியது நியூயார்க்கில். ஒரு நகரத்தில் எடுத்த முடிவை இன்னொரு நகரம் திருத்தியது என்பதை அந்த இரட்டை ஆண்டுகள் பதிவுசெய்கின்றன.

இந்தத் திருத்த வேலைக்கு எண்ணெய் வண்ணம் தடையாக இருந்தது. தீட்டிய கோடு காய நாளாகும். அதை விரலளவு நகர்த்த வேண்டுமென்றால் சுரண்டியெடுத்து, வெள்ளை பூசி, மறுபடி காயவிட்டு, புதிதாகத் தீட்ட வேண்டும். அமெரிக்கக் கடைகளில் கிடைத்த வண்ணத் தாள் நாடா இந்தத் தடையை நீக்கியது. ஒட்டலாம், பார்க்கலாம், உரிக்கலாம், வேறிடத்தில் ஒட்டலாம். நாடா இன்னொரு மாற்றத்துக்கும் துணைபோனது. அதுவரை அவருடைய கோடு கறுப்பாகவும், நிறம் கோடுகளுக்கு நடுவே நிரப்பப்படுவதாகவும் இருந்தன. நாடாவோ நிறமாகவே கோடாகும் பொருள். அதைக் கையிலெடுத்த பிறகு கோடு வேறு, நிறம் வேறு என்ற பிரிவினை அவருடைய படங்களில் தகர்ந்துபோனது.

நெருங்கிப் பார்த்தால்

இந்த முறையில் 1941–42இல் அவர் செய்த வரிசையில் ஒன்றுதான் முடிந்தது. ஏறத்தாழ 119 செ.மீ. உயரமுள்ள ‘நியூயார்க் நகரம்’ என்ற அந்த எண்ணெய் வண்ணப் படம் பாரிஸின் பொம்பிடூ மையத் தொகுப்பில் உள்ளது. மற்றவை நாடா நிலையிலேயே நின்றுவிட்டன. டுசெல்டார்ஃபில் இருப்பது அவற்றுள் ஒன்று. மாட்ரிட்டின் தைசன்-போர்னெமிசா அருங்காட்சியகத்தில் இன்னொன்று.

முடிந்த படத்தில் கண்ணைப் பிடித்து நிறுத்துவது கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்கள். பாய் முடைபவர் ஒரு கோரையை மேலே, அடுத்ததைக் கீழே என்று ஒழுங்கு மாறாமல் செலுத்துவார். மோண்ட்ரியானிடம் அந்த ஒழுங்கு கிடையாது. ஒரு மஞ்சள் கோடு ஓரிடத்தில் சிவப்பின்மேல் ஏறுகிறது. இன்னோரிடத்தில் சிவப்பு அதை மறைக்கிறது. மஞ்சள் கோடுகளெல்லாம் முன்னே, சிவப்பெல்லாம் பின்னே என்று கண் ஒரு முடிவுக்கு வரும்போதே அடுத்த சந்திப்பு அந்த முடிவைக் கலைத்துவிடுகிறது. கலை வரலாற்றாசிரியர் இவ்-அலென் புவா 1988இல் இந்தப் படத்தைப் பற்றி எழுதிய ஆய்வு இந்தப் பின்னலைத்தான் மையமாகக் கொண்டது. முன் எது, பின் எது என்பதை நிலைபெறவிடாமல் செய்வதே அதன் சாதனை என்பதை அவர் விளக்கினார். நாடாவோடு வேலை செய்த கை மட்டுமே இப்படி ஒரு பின்னலை எட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த நாடாவை முதலில் ஒட்டினோம், எதை உரித்து மறுபடி மேலே ஒட்டினோம் என்ற வேலை வரிசைதான் அங்கே மேலும் கீழுமாக மாறி நிற்கிறது.

இப்போது தலைகீழ் விவகாரத்துக்கு வரலாம். ‘மோண்ட்ரியான்: பரிணாமம்’ என்ற கண்காட்சியை அமைத்தபோது காப்பாளர் சூசன்னே மேயர்-பியூசர் முன்வைத்த ஆதாரங்கள் மூன்று. முதலாவது, பாரிஸில் உள்ள சகோதரப் படத்தில் கோடுகள் மேல் விளிம்பை ஒட்டி நெருங்கி நிற்கின்றன. டுசெல்டார்ஃபில் தொங்கியபடி பார்த்தால் அந்த நெருக்கம் அடியில் இருந்தது. இரண்டாவது, சில மஞ்சள் நாடாக்கள் ஒரு விளிம்பை எட்டாமல் சில மில்லிமீட்டர் முன்னதாகவே முடிகின்றன. மேலே ஒட்டத் தொடங்கிக் கீழே இறக்கிக்கொண்டு வந்தால் குறை விழுவது கீழ் விளிம்பில்தான். மூன்றாவது, 1944 ஜூன் மாத அமெரிக்க இதழ் ஒன்றில் வெளியான புகைப்படம். ஓவியரின் பணியறையில் சட்டத்தின்மேல் அந்தக் கித்தான், டுசெல்டார்ஃபில் தொங்குவதற்குத் தலைகீழாக நிற்கிறது.

இந்த மூன்றில் இரண்டு, படங்களுக்குள்ளேயே இருப்பவை. கேலி செய்தவர்களுக்குப் பதில் இங்கே கிடைக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாத படம் என்றால் திசையை அதிலிருந்து மீட்டெடுத்திருக்க முடியாது. கோடுகளின் நெருக்கத்துக்கு எடை இருக்கிறது. நாடாவின் முனைக்கு ஒரு கை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தியது என்ற வரலாறு இருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளில் குறைந்துபோனது பார்ப்பவர்களின் கவனம்தான்.

கண்டுபிடித்த பிறகும் கலைக்கூடம் படத்தைத் திருப்பி மாட்டவில்லை. நாடாக்களின் பசை தளர்ந்துவிட்டது. திருப்பினால் புவியீர்ப்பு மறுதிசையில் இழுக்கும், நாடாக்கள் பெயர்ந்துவிடலாம் என்பது காரணம். முன்வரைவுக்கே உரிய துயரம் இது. சில நாட்கள் ஒட்டியிருந்தால் போதும் என்று தேர்ந்தெடுத்த பொருளை நாம் நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. நகர்த்துவதற்கென்றே ஒட்டப்பட்ட நாடா இன்று நகர்த்தவே முடியாததாகிவிட்டது. ஆனாலும் கலைக்கூடத்தின் முடிவு சரி என்றே நினைக்கிறேன். திசையைத் திருத்தப் போய்ப் பொருளை இழந்தால், எதை வைத்துத் திசையை அறிந்தோமோ அந்தச் சாட்சியே அழிந்துபோகும்.

பிராட்வேயில் சாய்கோடு எங்கே?

அடுத்து அவர் எடுத்த படம் ‘பிராட்வே பூகி-வூகி’, 1942–43. பக்கத்துக்கு 127 செ.மீ. கொண்ட சதுரம். கறுப்பு முற்றிலும் போய்விட்டது. மஞ்சள் பட்டைகள் நெடுக்கும் குறுக்கும் ஓட, அவற்றின்மேல் சிவப்பு, நீல, சாம்பல் நிறச் சிறுசதுரங்கள் துடிக்கின்றன. இதை மன்ஹாட்டனின் வரைபடமாகவும், மஞ்சள் பட்டைகளை டாக்சிகள் ஓடும் தெருக்களாகவும் வாசிப்பது வழக்கம். அந்த வாசிப்பில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி செங்கோணத்தில் வகுக்கப்பட்ட மன்ஹாட்டன் தெருக்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும் சாலைதான் பிராட்வே. அந்தச் சாய்கோடு படத்தில் இல்லை. சாய்கோட்டை ஏற்க மறுத்து நண்பர் வான் டூஸ்பர்க்கிடமிருந்தே விலகியவர் மோண்ட்ரியான். அவர் வரைபடம் வரைய நினைத்திருந்தால் இந்தச் சாலையின் பெயரை வைத்திருக்க மாட்டார்.

இந்தப் படத்துக்குக் கையகலக் கரிக்கோல் வரைவுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கட்டடமோ சாலையோ வாகனமோ கிடையாது. கோடுகள் எவ்வளவு இடைவெளி விட்டுப் போகின்றன, எங்கே அடர்கின்றன என்ற கணிப்பு மட்டுமே இருக்கிறது. 1912இன் குறிப்பேட்டில் சுவரைப் பார்த்து வரைந்தவர், 1942இல் பார்ப்பதற்கு எதையும் எதிரே வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதை வைத்து வரைந்தார்.

கேட்டது பூகி-வூகி. நியூயார்க் வந்த தொடக்கத்திலேயே ஹோல்ட்ஸ்மன் அந்த இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். மோண்ட்ரியான் அதில் மூழ்கிப்போனார். கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞர்கள் வளர்த்த இசை அது. இடது கை ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டேயிருக்கும். வலது கை அதற்குக் குறுக்கே துண்டுதுண்டான சொற்கட்டுகளை வெட்டி வெட்டிப் போடும். ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீட் ஜான்சன் ஆகியோர் 1938இல் கார்னெகி அரங்கில் வாசித்த பிறகு நியூயார்க் முழுக்க அது பரவியிருந்தது. மெல்லிசை வரியை உடைத்துத் தாளத்தை முன்னிறுத்துவதில் இந்த இசையும் தம் ஓவியமும் ஒரே நோக்கம் கொண்டவை என்று மோண்ட்ரியான் எழுதியிருக்கிறார். படத்தின் நீண்ட மஞ்சள் பட்டையை இடது கையாகவும், அதன்மேல் சமமில்லாத இடைவெளியில் விழும் சிறுசதுரங்களை வலது கையாகவும் கொண்டு பார்த்தால் அந்த ஒப்புமை எவ்வளவு துல்லியமானது என்பது விளங்கும். ‘நியூயார்க் நகர’த்தில் கோடுகள் சந்தித்த இடங்களில் மட்டும் இருந்த அதிர்வு, இங்கே கோட்டின் நீளம் முழுக்கப் பரவிவிட்டது.

கடைசி வாரம்

1942இல் தொடங்கிய ‘விக்டரி பூகி-வூகி’ முன்வரைவுக்கும் படத்துக்கும் இடையிலான எல்லையையே இல்லாமல் ஆக்கியது. முனையில் நிற்கும் சதுரக் கித்தான். ஓவியரும் தோழியுமான சார்மியன் வான் வீகண்ட் போன்றோர் அதன் வளர்ச்சியை அருகிலிருந்து பார்த்தவர்கள். முடிந்துவிட்டது போலத் தோன்றிய நிலைக்கு அது வந்த பிறகும், 1944 ஜனவரியில் மோண்ட்ரியான் அதன்மேல் மறுபடி நாடாத் துண்டுகளையும் தாள் துண்டுகளையும் ஒட்டத் தொடங்கினார். தீட்டி முடித்த பரப்பு இன்னொரு வரைவுக்கு அடித்தளமாயிற்று. நிமோனியா கண்டு பிப்ரவரி 1ஆம் தேதி அவர் இறந்தபோது படம் அந்த நிலையில் நின்றது. அவருடைய கடைசிப் பணியறையின் சுவர்களிலும் வண்ண அட்டைகள் இருந்தன. ஹோல்ட்ஸ்மன் அந்த அறையைப் பதிவுசெய்து, சில வாரங்கள் பார்வையாளர்களுக்குத் திறந்துவைத்தார்.

1998இல் இந்தப் படம் ஏறத்தாழ 80 மில்லியன் கில்டர் விலைக்கு நெதர்லாந்துக்கு வாங்கப்பட்டு, தி ஹேக் நகர அருங்காட்சியகத்துக்கு வந்தது. பொதுப்பணத்தை இப்படிச் செலவிடலாமா என்று அந்நாட்டில் கடும் விவாதம் எழுந்தது. அதன்பின் பாதுகாப்பு வல்லுநர்கள் அதன் அடுக்குகளை அறிவியல் கருவிகளால் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஓவியர் எதை ஒட்டினார், எதை மறைத்தார், எங்கே மனம் மாறினார் என்பதை முடிந்த படங்களில் அறிவது கடினம். இங்கே அது பரப்பிலேயே கிடக்கிறது. முடிக்கப்படாமையால்தான் இது இவ்வளவு பேசுகிறது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு வளர்ச்சி தெரிகிறது. 1912இல் முன்வரைவு என்பது நகரத்தைப் பார்த்து எடுத்த குறிப்பு. 1941இல் நகரம் தந்த மலிவான பொருளைக் கொண்டு நடத்திய சோதனை. 1944இல் அதுவே படைப்பு. இந்தப் பாதையில் மோண்ட்ரியான் நகரத்திலிருந்து விலகிக்கொண்டே போனார் என்று சொல்வது எளிது; நான் அதை ஏற்கவில்லை. நவீன நகரத்தின் அடிப்படைக் குணம் எதுவும் இறுதியாக நிற்காமை. கட்டியதை இடிக்கிறார்கள், தெருவின் பயனை மாற்றுகிறார்கள், ஒருவர் வாழ்ந்த இடத்தில் இன்னொருவர் வாழ்கிறார். இரண்டு போர்களால் நகரம் விட்டு நகரம் பெயர்ந்த மனிதர் அதைத் தம் உடம்பாலேயே அறிந்திருந்தார். ஒட்டி, உரித்து, மாற்றி ஒட்டும் முறை அந்த அறிவின் வெளிப்பாடு.

அதனால் இவற்றை முடிந்த படங்களின் குறைப்பட்ட தம்பிகளாகக் காட்சிக்கு வைப்பதை அருங்காட்சியகங்கள் கைவிட வேண்டும். நாடா முனை எங்கே நிற்கிறது, எது எதன்மேல் ஏறியிருக்கிறது, எது பிற்பாடு வந்தது என்பதைப் பார்வையாளர் அறிய உதவும் குறிப்புகளோடு, முடிந்த படத்துக்குப் பக்கத்திலேயே அவை தொங்க வேண்டும். அப்படிப் பார்க்கப் பழகியவருக்கு அரூப ஓவியம் புரியாத புதிராக இருக்காது. ஒரு மனிதர் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் நின்று, இது இங்கேதான் இருக்க வேண்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்ட கடும் உழைப்பு அது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.